இளைஞர் வினாவும் இகழ்வார் கூற்றும்

கல்லூரியிற் பயிலும் ஆடவர் சிலர் வாரந்தோறும் ஓரறையிற் கூடி, ‘யான் யாவன்? மெய்யென்று யான் கொண்டது யாது? அக்கோட்பாட்டை என் ஒழுக்கம் காட்டுகின்றதா?’ என்று தம்முள் வினாவி ஆராய்தல் மேனாடுகளில் இன்றும் உள்ளதொரு வழக்கம். இதனை உலகத்தார் இருவகையாற் பிழைபடக் கூறுவர். ஒரு சாரார், அது பருவத்திற்கு ஒவ்வாத செயலென்றும், கல்வியையும் உடலையும் வழிவழி வந்த நம்பிக்கையையும் ஒருங்கே கெடுக்குமென்றும் இகழ்வர். மற்றொரு சாரார், வினாவுதலே அமையும், விடை காண்டலும் அவ்விடைவழி நிற்றலும் வேண்டாவென்று புகழ்வர். இகழ்ச்சியும் புகழ்ச்சியுமாகிய இவ்விரு கூற்றும் பொருந்தாவென்பது, இங்கிலாந்து தேயத்து ஆக்ஸ்போர்டில் நிகழ்ந்த ஒரு வரலாற்றால் இனிது விளங்கும்.

1729-ஆம் ஆண்டில் அங்குக் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி மாணாக்கராகிய சார்லஸ் வெஸ்லி என்பார் தம் நண்பர் ஒருவரிருவரோடு கூடி நோன்பும் நூலாராய்ச்சியும் தொடங்கினார். அவர்தம் தமையனாரும் லிங்கன் கல்லூரி ஆசிரியருமாகிய ஜான் வெஸ்லி அவ்வாண்டின் இறுதியில் ஊரினின்றும் மீண்டுவந்து அக்குழுவிற்குத் தலைவராயினார். மகளிர்க்கு அப்பல்கலைக்கழகம் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920-ஆம் ஆண்டிலேயாம். ஆகலின் அக்காலத்து அது முற்றும் ஆடவர் குழுவே. அவர்கள் விவிலியத்தைக் கிரேக்க மொழியிற் பயின்றனர். புதனும் வெள்ளியும் நோன்பிருந்தனர். தத்தம் ஒழுக்கத்தைக் கேள்விகளாற் சோதித்தனர். 1730-ஆம் ஆண்டு முதல் சிறைக்கோட்டத்துட் சென்று கடன்பட்டோரையும் கொலைத்தண்டம் பெற்றோரையும் கண்டு உதவினர். உடன்பயின்றோர் இவர்களைப் ‘புனிதக் கழகத்தார்’ என்றும், எதனையும் முறைபற்றிச் செய்தலின் ‘மெதடிஸ்டுகள்’ என்றும் பெயரிட்டு நகைத்தனர்.

நகையோடு அமைந்ததா? அன்று. சிறைக்குச் செல்லும் வழக்கத்தை முதற்கண் தூண்டிய வில்லியம் மார்கன் என்னும் அயர்லாந்து இளைஞர் 1732-ஆம் ஆண்டில் நோயுற்று இறந்தார். அவரைக் குழுவின் கடுநோன்பே கொன்றதென்று ஊரார் தூற்றினர். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டன் பத்திரிகை ஒன்றும் குழுவினரைப் பழித்து ஒரு கடிதம் வெளியிட்டது. மகனை இழந்த தந்தைக்கு ஜான் வெஸ்லி விரிவாக விடையெழுதி, குழுவின் செயல்கள் தொடங்கிய வாற்றையெல்லாம் ஒளியாது உரைத்தார். மார்கன் ஓராண்டரைக்கு முன்னரே நோன்பைக் கைவிட்டனர் என்பதையும் எடுத்துக்காட்டினார். அதனைக் கண்ட தந்தையார் செய்ததென்னை? தம் மற்றொரு மகனையும் அவ்வாசிரியரிடமே மாணாக்கனாக ஒப்புவித்தார். பிள்ளையை இழந்து நொந்தவரே தெளிந்த பின்னர், தெருவில் நின்று தூற்றினார் சொல்லை மெய்யென்று கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, குழுவின்கண் மிகையே இல்லையென்று வாதித்தல் ஈண்டுக் கருத்தன்று. பெம்புரோக் கல்லூரி ஏழை மாணாக்கரும் பின்னர்ப் பெரும்புகழ் பெற்ற சமயச் சொற்பொழிவாளருமாகிய ஜார்ஜ் ஒயிட்பீல்டு, அளவிறந்த நோன்பால் 1735-ஆம் ஆண்டிற் படுக்கையில் வீழ்ந்தார். அது குற்றமே. இளைஞர் ஊக்கத்தை அளவிற்படுத்தி நடத்துவோர் இன்மையால் நேர்ந்த குற்றம் அது, வினாவினால் நேர்ந்ததன்று. நெருப்புச் சுட்டதென்று அடுப்பை இடிப்பார் உளரோ? அளவு கற்பித்தற்குரிய முதியோர், அதனைச் செய்யாது இகழ்ந்து ஒதுங்குவராயின், பின் விளையும் கேட்டிற்கு அவரும் பங்காளரே ஆவர்.

அற்றேல், ‘ஒருங்கு கூடி ஆராய்ந்தார் ஒரு முடிபிற்கு வந்திலரே, ஆராய்ச்சி நம்பிக்கையைச் சிதைத்தது என்றற்கு இதுவே சான்றன்றோ?’ எனின், கூறுதும் என்று புகுவார்க்கு விடை எளிது. அவர்கள் பிரிந்தது உண்மையே. ஜான் கிளேட்டன் இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய மரபிலேயே நின்றார். ஜான் காம்போல்டு மொராவியர் சபையைச் சார்ந்து 1754-ஆம் ஆண்டில் அதன் கண்காணியாராயினார். ஒயிட்பீல்டும் ஜேம்ஸ் ஹார்வியும், இறைவன் முன்னரே தெரிந்தெடுத்தான் என்னும் கால்வின் கொள்கையை மேற்கொண்டனர்; வெஸ்லி உடன்பிறந்தார் அதனை மறுத்தனர். ஆயினும் இவருள் எவரும் பொய்ந்நம்பிக்கையோடு வாழ்ந்திலர் என்பது நோக்கற்பாலது. முன்னர்த் தந்தையார் கொண்டதென்றும் நாட்டார் கொண்டதென்றும் வாளா ஏற்றிருந்ததனைப் பின்னர்த் தமதென்று அறிந்து கொண்டனர். பலர் ஒரே சொல்லைக் கிளிபோற் சொல்லும் ஒற்றுமையினும், தாம் உணர்ந்ததற்குத் தாமே பொறுப்பேற்கும் வேற்றுமை சிறந்ததென்க.

வினாவே அமையும் என்பார்க்கும் இவ்வரலாறே விடையாம். 1736-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் வெஸ்லி அமெரிக்க நாட்டு ஜார்ஜியாவிற்குக் கடல்வழிச் செல்லுங்கால் கடும்புயல் மோதிற்று. கப்பலில் ஆங்கிலேயர் அலறினர். மொராவியரோ அமைதியோடு துதி பாடினர். பல்லாண்டு தம்மைத் தாமே சோதித்த வெஸ்லி, தமக்குச் சாவச்சம் நீங்கவில்லையென்பதை அங்குக் கண்டார். கண்டதை மறையாது தம் நாட்குறிப்பில் எழுதினார். வினாவுதலே முடிந்த பேறாயின் அவர் அங்ஙனம் நாணுதற்குக் காரணமில்லை. விடை கிட்டாத வினா தம்மை உறுத்த, அதனைத் தாங்கித் திரிந்து, 1738-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் இலண்டனில் நடந்த ஒரு கூட்டத்திலேயே உள்ளத்தெளிவு பெற்றதாக அவர் உரைத்தார். விடை வாராத அவ்வாண்டுகளிலும் அவர் நோன்பையும் தொண்டையும் விட்டாரல்லர். ‘யான் யார் என்பது தெளிந்த பின்னர்ப் பிறர்க்கு உதவுவேன்’ என்று சிறைவாயிலில் நின்று திரும்பினாரல்லர். தன்னையே நோக்கித் தன்னையே பேசி, பிறர் துயர் துடையாது கலையும் கூட்டம் கண்ணாடி முன் நிற்பாரை ஒக்கும். முகம் தெரியும், வழி தெரியாது.

கொள்கையாற் பிரிந்தார் அன்பாலும் பிரிந்தனரோ எனின், சிலகாலம் அதுவும் நேர்ந்தது. 1739-ஆம் ஆண்டில் வெஸ்லி, ஒயிட்பீல்டின் கொள்கையை மறுத்துச் சொற்பொழிவு வெளியிட்டார். ஒயிட்பீல்டு 1741-ஆம் ஆண்டில் எதிர்மறுப்பு அச்சிட்டார். எனினும் 1770-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஒயிட்பீல்டு அமெரிக்காவில் உயிர்நீத்தபொழுது, அவர் முன்னர் விரும்பியவாறே இலண்டனில் அவர்க்கு நினைவுரை ஆற்றியவர் ஜான் வெஸ்லியே. கல்லூரி அறையில் தொடங்கிய நட்பு கொள்கைப் போரையும் கடந்து நின்றது.

ஆதலின், கல்லூரி இளைஞர் கூடி வினாவுதலை இகழ்வார் அவ்விகழ்ச்சியை ஒழிக. அவர்க்கு அளவும் துணையும் ஆகுக. வினாவோடு அமைவார் அவ்வளவில் நில்லாது ஒழுக்கத்திலும் தொண்டிலும் இறங்குக. இளமையிற் கேட்கப்படாத வினா முதுமையிற் கேட்கப்படுமேல், விடைவழி நடத்தற்குக் காலம் எஞ்சாது.