'இந்தியா' என்றொரு புகைபோக்கி

சீமைக்குப் போய் வந்தவர்கள் செய்கிற முதற் காரியம், அந்தத் தேசத்து மழையைப் பற்றிப் புகார் சொல்வது. இரண்டாவது காரியம், பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவது. முதற் காரியத்தை நான் அடியோடு விட்டுவிடுகிறேன். அதற்குப் பிரதியாக நேயர்கள் இரண்டாவதைச் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லண்டனைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. மணிக்கூண்டு, பாலம், சிவப்பு நிற மாடி பஸ் எல்லாம் சித்திரத்தில் பார்த்தபடியேதான் இருக்கின்றன. தேம்ஸ் நதி காவேரியைப்போல் அழகாயில்லை; ஆனால் காவேரியைப்போல் மாதக்கணக்கில் மணலாய்க் கிடப்பதுமில்லை. நான் நின்று பார்த்தவை சிலைகள்தாம்.

பார்லிமெண்டுச் சதுக்கத்தில் 2015-ம் வருஷத்தில் காந்தி மகானுக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்திருந்தபோது, பிரதம மந்திரியின் வீட்டு வாசலில் போர்வையும் தாமுமாக அவர் நின்ற புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது. மற்றவர்களில் பலருக்கு உயர்ந்த பீடம். இவருக்குத் தாழ்ந்த பீடம். ஆகவே, குழந்தைகள்கூட அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அதே சதுக்கத்தில், அவரை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்த சர்ச்சில் இருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் அவரைச் சிறையில் அடைத்து, சிறையில் அவர் தைத்த செருப்பைப் பரிசாகப் பெற்ற ஸ்மட்ஸும் இருக்கிறார். மூவரும் இப்போது ஒரே மழையில் நனைகிறார்கள். (கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், மன்னிக்கவும்.)

அங்கிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால், வெளிநாட்டு இலாகாவின் பின்புறத்துப் படிக்கட்டில் ராபர்ட் கிளைவ் நிற்கிறார். நம் சென்னைக் கோட்டையில் கம்பெனிக் குமாஸ்தாவாய் வாழ்க்கையைத் தொடங்கி, 1751-ல் ஆற்காட்டைப் பிடித்த அதே கிளைவ்தான். சிலையின் காலடியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். இவர் யாரென்று கேட்டேன். ஒருத்தி திரும்பிப் பெயரைப் படித்துவிட்டு, "கிளைவ்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்தது போதும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

நான் சீமைக்குப் போனதன் காரணம் லண்டன் அன்று. அந்தக் காரணம் எங்கள் வீட்டுப் பூஜை அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

மான்செஸ்டர் துணி நம் நாட்டுக்கு வந்த காலத்தில், ஒவ்வொரு பீஸின் மேலும் பல வர்ணத்தில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். நம்மவர்களின் மனத்தைக் கவர வேண்டி, அதில் நம் தெய்வங்களையே அச்சிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது லக்ஷ்மி. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது என் பாட்டி தன் பெட்டியிலிருந்த சீமைத் துணி அனைத்தையும் தெருமுனை நெருப்பில் கொண்டுபோய்ப் போட்டாள். ஆனால் லக்ஷ்மியைப் போட மனம் வரவில்லை. பிரித்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். "துணி அவனுடையது, தாயார் நம்முடையவள்" என்பது அவளுடைய நியாயம். தான் எரித்த துணியை நெய்தவர்கள் யார், எப்படியிருப்பார்கள் என்று அவள் ஒரு தடவை என்னைக் கேட்டதுண்டு. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

லங்காஷயர் ஜில்லாவிலுள்ள டார்வென் என்ற சிற்றூருக்கு மான்செஸ்டரிலிருந்து சின்ன ரயிலில் போக வேண்டும். போல்டன் நகரத்தைத் தாண்டியதும் வெளியே பச்சைப் பசேலென்ற மேய்ச்சல் நிலங்கள். சுண்ணாம்பு இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள், மலைச் சரிவெங்கும் கோடு கிழித்ததுபோல் ஓடுகின்றன. ஆடுகள் மழையைச் சட்டை செய்வதே இல்லை. பிறகு ஒரு நீண்ட சுரங்கம். சுரங்கத்தைவிட்டு ரயில் வெளியே வந்ததும் டார்வென்.

அந்த ஊரில் எங்கே நின்றாலும் கண்ணில் படுவது ஓர் ஆலையின் புகைபோக்கி. 1867-ல் கட்டி முடித்தது. 303 அடி உயரம். வெனிஸ் நகரத்து மணிக் கோபுரத்தைப் பார்த்து, அதே மாதிரியில் செங்கல்லும் சித்திர வேலைப்பாடுமாகக் கட்டியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் இதற்குத் தாழ்ந்ததே. நாம் கடவுளுக்குக் கட்டியதைவிட உயரமாக அவர்கள் கரிப்புகைக்குக் கட்டினார்கள்! அந்த ஆலையின் பெயர் என்னவென்று நினைக்கிறீர்கள்? 'இந்தியா மில்'. பெயர் நம்முடையது. 1913-ல் லங்காஷயர் ஆலைகள் நம் தேசம் ஒன்றுக்கே சுமார் 300 கோடி கஜம் துணி அனுப்பின. ஆகவே பெயர் பொருத்தந்தான். இன்று அங்கே கதிர் சுழலவில்லை, புகையும் இல்லை.

மேற்கே குன்றின் உச்சியில் வேறொரு கோபுரம் தெரிந்தது. மேலே போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் கற்சுவர் குறுக்கிடும் இடந்தோறும், மனிதன் ஏறலாம், ஆடு ஏறக் கூடாது என்கிற கணக்கில் படி வைத்திருக்கிறார்கள். 'பொது நடைபாதை' என்று பலகையும் உண்டு. நிலம் ஒருவனுக்குச் சொந்தமாயிருந்தாலும், அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருக்கும் சொந்தம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிச் சுமார் 1,40,000 மைல் பாதை இருக்கிறதாம். இந்தச் சுகத்தைப் பிரபுக்கள் தாமே மனமிரங்கிக் கொடுத்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். டார்வென் மலைமேட்டில் பறவை வேட்டைக்காகப் பாதைகளை அடைத்தார்கள். ஊரார் விடாமல் போராடி, 1896-ல் வழியை மீட்டார்கள். விக்டோரியா மகாராணியின் வைர விழாவையும் இந்த வெற்றியையும் சேர்த்துக் கொண்டாட 1898-ல் எழுந்ததுதான் அந்தக் கோபுரம். ராணிக்கும் நடைபாதைக்கும் ஒரே கோபுரம்! சிக்கனமான ஜனங்கள். இதே வட நாட்டில் கிண்டர் ஸ்கௌட் என்ற மலைமேட்டில் 1932-ல் நானூறு பேர் தடையை மீறி நடந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறை சென்றார்கள். தண்டி யாத்திரைக்கு இரண்டு வருஷம் பின்னால் நடந்த விஷயம் இது.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளிற்று. 2010-ல் அது கோபுரத்தின் மகுடத்தையே பெயர்த்துத் தள்ளியதென்றால், என் குடை எம்மாத்திரம்? கோபுரத்தடியில் ஒதுங்கியபோது, எண்பது வயது தாண்டிய கிழவர் ஒருவர் நாயுடன் அங்கே உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"காந்தி வந்த ஊரைப் பார்க்க வந்தீர்களாக்கும்" என்றார்.

1931 செப்டம்பரில், ஆலை முதலாளி குடும்பம் ஒன்றின் அழைப்பின்பேரில் காந்திஜி டார்வெனுக்கு வந்தார். அவர் சொல்லித்தான் நம்மவர்கள் சீமைத் துணியைப் பகிஷ்கரித்தார்கள். இங்கே தறிகள் நின்றன. அப்படிப்பட்டவரைச் சூழ்ந்து நின்று ஆலைப் பெண்கள் கையை உயர்த்தி ஆரவாரம் செய்யும் புகைப்படத்தை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் மர்மம் எனக்கு வெகு நாளாய் விளங்காமலே இருந்தது.

கிழவரின் தாயார் நெசவுக்காரி. நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்டவள். தறிச் சத்தத்தில் காது கேளாதாகையால் அந்தப் பெண்கள் குரலில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிப் பழகிவிட்டார்கள். "வீட்டிலும் அம்மா அப்படித்தான் பேசுவாள். திட்டினால்கூடச் சத்தம் வராது" என்றார்.

"வேலை போயிற்றே, காந்தியின் மேல் அவளுக்குக் கோபமில்லையா?" என்று கேட்டேன்.

"கோபத்தோடுதான் பார்க்கப் போனாளாம். பசித்தவளுக்குக் கோபம் வராதா? ஆனால் அவர் எங்கள் ஜனங்களிடமே வந்து, உங்கள் கஷ்டத்துக்கு வருந்துகிறேன், ஆனாலும் கதரை விட முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். 'எங்கள் முதலாளிகள் யாரும் எங்களிடம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை' என்பாள் அம்மா."

இங்கே முப்பது லக்ஷம் பேருக்கு வேலையில்லை, இந்தியாவில் முப்பது கோடிப் பேர் வருஷத்தில் பாதி நாள் வேலையின்றி இருக்கிறார்கள் என்று காந்திஜி அப்போது எடுத்துக் காட்டினார். லங்காஷயரின் வீழ்ச்சிக்கு நம் பகிஷ்காரம் ஒன்றே காரணம் என்று நாம் மார் தட்டிக்கொள்வதும் சரியன்று. ஜப்பான் துணி மலிவாய் வந்தது. பம்பாயிலும் ஆமதாபாத்திலும் நம் ஆலைகள் பெருகின. இறக்குமதி வரி ஏறியது. உலகமெங்கும் வியாபாரம் படுத்திருந்தது. ஆனால் இதையெல்லாம் எண்ணிப் பாட்டி தன் துணியை எரிக்காமல் இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த நெருப்பும் நியாயம். இந்தக் கிழவரின் தாயார் பட்ட பசியும் பசிதான். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழித்துக் கணக்கை நேர் செய்ய அந்தக் காற்றில் என்னால் முடியவில்லை.

கைப்பேசியிலிருந்த லக்ஷ்மி படத்தைக் கிழவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"யார் இந்த அம்மாள்?"

"செல்வத்தின் தேவதை. உங்கள் ஜில்லாத் துணியோடு வந்தவள். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இருக்கிறாள்."

"அவள் புறப்பட்டுப் போனதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே!" என்று சொல்லிவிட்டு, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை, அடுத்த ஊராகிய பிளாக்பர்னில் ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரி குஜராத்தி ஸ்திரீ. அவளுடைய தகப்பனார் 1960-களில் அங்கே ஆலை வேலைக்கு வந்தவராம். "பகல் முறைக்கு வெள்ளைக்காரர்கள், இரவு முறைக்கு நம்மவர்கள்" என்றாள் ஹிந்தியில். காந்திஜியின் சொந்த மாகாணத்தார் வந்து, ஆலைகள் மூடும்வரையில் தறிகளை ஓட்டியிருக்கிறார்கள். அவள் சூடான தேநீர் கொடுத்தாள். காசு வாங்க மறுத்தாள். மரியாதைக்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று ஒரு துவாலை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டேன். ரயிலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது, ஓரத்தில் 'இந்தியாவில் தயாரித்தது' என்று இங்கிலீஷில் ஒரு சிறு சீட்டுத் தைத்திருந்தது. படம் ஒன்றும் இல்லை.