பல்லடைப்பும் கைச்சுத்தமும்

பல் அடைத்த ஆறு மாதத்துள் அடைப்புக் கழன்று விழுந்தால் நம்மூரவர் மருந்தைக் குறை கூறுவர். சிலர் வைத்தியரைக் குறை கூறுவர். வைத்தியரோ வெற்றிலை பாக்கைக் குறை கூறுவார். மூவர் கூற்றிலும் சிறிது உண்மை உண்டு. ஆயினும் நான்காவதொரு காரணத்தைக் கவனிப்பார் அரியர். அடைப்புப் பொருள் சிமிழிலிருந்து பல்லைச் சென்றடையும் சில நிமிடங்களில் அதன்மேற் படும் ஈரமும் எண்ணெயும் கையழுக்குமே அது.

பழைய இரச அடைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியன சேர்ந்த தூளை இரசத்துடன் குழைத்து ஆக்குவது அது. முற்காலப் பல் வைத்தியர் பலர் இக்கலவையை வெறும் உள்ளங்கையில் வைத்துப் பிசைவது வழக்கம். துத்தநாகமும் சேர்ந்த கலவையாயின் உள்ளங்கை வியர்வையே வினையாகிவிடும். ஆய்வுகூடத்தில் துத்தநாகத்தின்மேல் அமிலம் வார்த்து ஐதரசனைச் சேகரித்த மாணவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கலவையுட் சிக்கிய ஈரத்துடன் துத்தநாகம் தாக்கமுற ஐதரசன் பிறக்கும். வெளியேற வழியற்ற அவ்வாயு அடைப்பை உள்ளிருந்து தள்ளும். வீக்கம் அன்றே தோன்றாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்தே தொடங்கும். நோயாளி வலியோடு திரும்பி வரும்போது உள்ளங்கையை நினைப்பார் யார்?

2013 இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை இரச அடைப்பைக் குறைக்கச் சொல்கின்றது. ஆதலின் பல்லின் நிறத்திலேயே அமையும் பிசின் அடைப்புக்கள் பெருகி வருகின்றன. இவையோ இரசத்தினும் தொட்டாற்சுருங்கிகள். 1955 இல் அமெரிக்காவில் மைக்கல் புவனகோர் என்பார், உலோகத்தில் வர்ணம் நன்கு ஒட்டுதற்குத் தொழிற்சாலையார் பொசுபோரிக்கமிலம் தடவுதலை அறிந்து, அவ்வுபாயத்தைப் பல்லின் மிளிரியில் ஆண்டார். அவர் ஆண்டது 85 வீத அமிலம். இன்று ஏறத்தாழ 37 வீதமே ஆளப்படுகின்றது. அமிலம் மிளிரியில் கண்ணுக்குப் புலனாகா நுண்துளைகளை உண்டாக்கும். பிசின் அவற்றுட் புகுந்து இறுகி, வேர்விட்டாற்போலப் பற்றும். கழுவி உலர்த்திய அம்மிளிரிமீது ஒரு கணம் உமிழ்நீர் பட்டாலும் அதிலுள்ள புரதங்கள் துளைகளை மூடிவிடும். வெறும் நீராற் கழுவினால் அவை எளிதிற் போகா. மீண்டும் அமிலம் தடவுவதே பரிகாரம். கல்முனைக் கரையில் தோணிக்கு வர்ணம் பூசுவோர் ஈரப் பலகையிற் பூசுவாரோ?

உமிழ்நீர் மட்டுமா பகை? உலர்த்தும் காற்றோடு வரும் எண்ணெய்த்துளி, கையுறைத் தூள், தற்காலிக அடைப்பிலுள்ள கிராம்பெண்ணெய்ச் சத்து ஆகியனவும் பகையே; இறுதியிற் கூறியது பிசின் இறுகுவதையே தடுக்கும். நோயாளியின் வாயைத் தொட்ட கையுறையாற் பிசினை உருட்டினால், அக்கையுறை காப்பது வைத்தியரை, அடைப்பையன்று.

தடுக்கும் சாதனம் புதிதன்று. றப்பர்த் தகட்டில் துளையிட்டு, வேண்டிய பல்லை மட்டும் வெளியே நிறுத்தும் முறையைச் சான்போர்ட் பார்னம் நியூயோர்க்கில் 1864 இலேயே கண்டார். விலையுயர்ந்த புதுப்பிசின் வாங்குமுன், நாவிதன்வெளி போன்ற கிராமத்தவர் நாடும் சிகிச்சை நிலையங்களுக்கு இத்தகடும், உமிழ்நீர் உறிஞ்சியும், பஞ்சுருளையும், யாவற்றினும் மேலாக அருகில் நின்றுதவ ஒருவரும் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஒரு கையாற் கன்னத்தை விலக்கி மறுகையால் அடைக்கும் வைத்தியர் மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

ஈரம் விலக்கவியலாத வாய்களும் உள. ஓயாது அசையும் சிறுவரை நினைக்க. அங்கே அலன் வில்சனும் பிரையன் கென்றும் 1972 இல் வெளிப்படுத்திய கண்ணாடி அயனோமர்ச் சீமெந்தே தக்கது. அது பல்லோடு இரசாயனமாகப் பிணையும்; ஈரத்தைச் சிறிது பொறுக்கும். எனினும் இறுகும் தறுவாயில் மேலே வாசலினேனும் பூசிக் காத்தல் வேண்டும்.

விழுந்தால் மறுபடி அடைக்கலாமே என்பர் சிலர். ஒவ்வொரு முறையும் பல்லிற் சிறிது அகழப்படும், அகழ்ந்தது வளராது. மேலும், மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும் நாட்களில் அன்னமலை, வேப்பையடி விவசாயி கல்முனைக்குப் போய்வருவது எளிதோ? அத்தகையார் இரண்டாம் முறை அடைக்கக் கேளார், பிடுங்கிவிடும்படியே கேட்பர்.

வைத்தியர் றப்பர்த் தகட்டை எடுக்கும்போது நாற்காலியில் இருக்கும் அன்பர் முகஞ்சுளியாதிருப்பாராக. பஞ்சு நனைந்துவிட்டதாயின், பேச முயலாது, ஒரு விரலை உயர்த்திக் காட்டினாற் போதும்.