தீவுக்குப் பணம் கட்டும் முன் படகைப் பற்றிக் கேட்கிறோமா?

பெட்டாலிங் ஜெயா – வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்ச் மாதம் பிறந்தால், கிழக்குக்கரைத் தீவுகள் மீண்டும் திறக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் முக்குளிப்புப் பயிற்சியும் சூடு பிடிக்கிறது. இங்குள்ள நீச்சல் குளத்தில் அடிப்படைப் பாடம். அடுத்து ஒரு நீண்ட வார இறுதியில் இரவோடு இரவாக மெர்சிங்கிற்கோ கோலா பெசுட்டிற்கோ பயணம். அங்கிருந்து படகேறி தியோமான் அல்லது பெர்ஹெந்தியான். பவளப்பாறையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் இளைஞர்களிடமும் வளர்ந்து வருகிறது. இது மகிழ்ச்சியான செய்திதான்.

ஆனால், பயணத்திற்குப் பதிவு செய்யும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு?" என்பதுதான். பல வேளைகளில் அதுவே கடைசிக் கேள்வியாகவும் அமைந்துவிடுகிறது. படகை ஓட்டுவது யார், கடலில் நிலைமை எப்படி என்று கேட்பவர்கள் குறைவு.

அப்படிக் கேட்க வேண்டியதன் அவசியத்தை 2022 ஏப்ரல் 6ஆம் தேதி மெர்சிங் கடலில் நடந்த சம்பவம் காட்டியது. தொக்கோங் சங்கோல் தீவு அருகே ஒரு பயிற்றுநரும் மூன்று மாணவர்களும் கடலுக்குள் இறங்கினர். மேலே வந்து பார்த்தபோது படகைக் காணவில்லை. நால்வரையும் நீரோட்டம் இழுத்துச் சென்றது. பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார். மேலும் இருவரை 9ஆம் தேதி மீனவர்கள் கண்டெடுத்தனர். நான்காமவர் 14 வயதுச் சிறுவன். தந்தையுடன் முக்குளிக்க வந்த அவன் உயிர் பிழைக்கவில்லை. படகோட்டி கைது செய்யப்பட்டார். அவர் போதைப்பொருள் உட்கொண்டிருந்தது சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியவந்ததாகப் போலீசார் கூறினர்.

அந்த நால்வரும் செய்யக்கூடாத எதையும் செய்துவிடவில்லை. கடலுக்கடியில் இருப்பவர் நினைத்தவுடன் மேலே ஓடி வர முடியாது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழிகளாக மாறி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும். அதனால்தான் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் காத்திருக்கும் வழக்கம் இருக்கிறது. அதற்குள் நீரோட்டம் அவரை இறங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டு போய்விடலாம். மேலே இருக்கும் படகு அவரது மூச்சுக் குமிழிகளைப் பின்தொடர வேண்டும். படகோட்டி கண்ணயர்ந்தால், எவ்வளவு தேர்ந்த பயிற்சியும் போதாது.

சம்பவத்திற்குப் பிறகு மெர்சிங் கடலில் முக்குளிப்புக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டில் கடல் பாதுகாப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. உயிர் போன பிறகு தடை, சோதனை, அறிக்கை. சில மாதங்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 2025 ஜூன் இறுதியில் பெர்ஹெந்தியான் கடலில் இரவு நேரத்தில் சுற்றுப்பயணிகள் படகு கவிழ்ந்து, இரண்டு சிறுமிகள் உட்பட மூவர் மாண்டனர். அது முக்குளிப்புப் படகு அல்ல. ஆனாலும் நம் சமூகத்தை உலுக்கிய அந்தத் துயரமும் அதே கேள்வியைத்தான் எழுப்பியது: புறப்படும் முன் படகைச் சோதிப்பது யார்?

பவளப்பாறைகளின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதல்ல. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, பவள உயிரிகள் தங்களுக்கு உணவளிக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப் போகின்றன. வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் அது மீளும். நோயாளிக்கு ஓய்வு தேவைப்படும் நேரம் அது. அந்நேரத்தில் துடுப்பால் உதைப்பதும், கையால் பிடிப்பதும், நங்கூரம் போடுவதும் பிழைக்கக்கூடியதையும் கொன்றுவிடும்.

2010இல் இதைப் புரிந்துகொண்டு, தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளில் பல முக்குளிப்பு இடங்களைக் கடல் பூங்காத் துறை ஜூலை தொடங்கி அக்டோபர் வரை மூடியது. துணிச்சலான முடிவு. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் வெளிறல் அறிவிக்கப்பட்டது. மலேசியக் கடலும் தப்பவில்லை. 2023 தொடங்கி 2025 வரை, உலகப் பவளப்பாறைகளில் 84 விழுக்காட்டை வெளிறலை உண்டாக்கும் அளவுக்கு வெப்பம் தாக்கியதாகக் கணக்கிடப்பட்டது. 2010இல் விதிவிலக்காகத் தெரிந்தது, இனி அடிக்கடி வரக்கூடியது. எனவே ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிப்பதைவிட, நீரின் வெப்பம் இந்த அளவைத் தொட்டால் இந்த இடங்கள் மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவிப்பது நல்லது. நடத்துநர்களும் பயணிகளும் அதற்கேற்பத் திட்டமிட முடியும்.

கட்டுப்பாடு வந்தால் பிழைப்பு போய்விடும் என்று தீவுவாசிகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. மூடப்படும் மாதங்களில் முதலில் அடிபடுவது சிறு படகுக்காரர்தான். அவருக்கு உதவித்தொகை இல்லாமல் தடை மட்டும் போடுவது முறையல்ல. கட்டணம் உயர்ந்தால் சாதாரணக் குடும்பங்களுக்குச் சுமைதான்.

ஆனால் சபாவின் சிப்பாடான் தீவைப் பாருங்கள். 2004 இறுதியில் அங்கிருந்த தங்கும் விடுதிகள் அகற்றப்பட்டன. ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்ற வரம்பும் வந்தது. வரம்பு வந்ததால் முக்குளிப்பாளர்கள் வராமல் போகவில்லை. அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருந்து போகிறார்கள். பாறை அழிந்த பிறகு எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யாரும் வரப்போவதில்லை.

அதிக ஆட்களை ஏற்றி, அவசரமாக ஓடி, குறைந்த விலைக்கு விற்கும் பயணத்தில் மனித உயிரும் பவளமும் ஒன்றாகவே ஆபத்துக்குள்ளாகின்றன. இதைத் தடுக்கும் முதல் பொறுப்பு அரசாங்கத்துடையது. படகோட்டியின் உரிமமும் உடல்நிலையும் துறைமுகத்திலேயே சோதிக்கப்பட வேண்டும். விபத்துக்குப் பிறகு அல்ல.

நமக்கும் பங்கு உண்டு. பணம் கட்டும் முன் சில கேள்விகள் கேட்போம். நாங்கள் கடலுக்குள் இருக்கும்போது படகில் யார் இருப்பார்? ஒவ்வொருவருக்கும் மிதவைக் குறியும் விசிலும் தருவீர்களா? முதலுதவிக்கு ஆக்சிஜன் இருக்கிறதா? பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை உண்டா? இருட்டிய பிறகு படகு ஓடுமா? நாங்கள் இறங்கும் இடத்தில் பவளம் வெளிறியிருந்தால் என்ன செய்வீர்கள்?

நல்ல நடத்துநர் இதற்கெல்லாம் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். சலித்துக்கொள்பவரிடம், எவ்வளவு மலிவாக இருந்தாலும், நம் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டாம்.