விஞ்ஞானப் பக்கம்: அண்டையில் நிறுத்தும் அச்சு

அனுமந்தையை அடுத்த மரக்காணத்து உப்பளங்களில் நாம் தினமும் காண்பது ஓர் இரசாயன விந்தையே. உவர்நீரில் பல உப்புக்கள் கலந்துள்ளன. வெயிலில் நீர் சுண்டச் சுண்ட ஜிப்ஸம் முன்னதாகப் படிகிறது. பின்னரே கறியுப்பு விளைகிறது. கசப்பான மக்னீஷிய உப்புக்கள் எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகின்றன.

கலந்தவற்றைப் பிரிப்பது இத்துணை எளிதாயின், அவற்றுள் வேண்டிய இரண்டை மட்டும் சேர்ப்பதும் எளிதுதானே என்று நம் வகுப்பில் ஒரு மாணவன் வினவினான். எளிதன்று. ஒரே குடுவையில் பத்துப் பொருள்களை இட்டால், எது எதனோடு கூடுமென்பது நம் விருப்பப்படி நடப்பதில்லை.

இதற்கு இயற்கை ஓர் உபாயம் வைத்திருக்கிறது. டி.என்.ஏ. என்னும் இழையில் எழுத்துக்களைப் போன்ற நான்கு உறுப்புக்கள் உண்டு. அடினைனுக்கு எதிரே தைமினும், குவானைனுக்கு எதிரே சைட்டோசினுமே பொருந்தும். ஆதலின் ஓர் இழை, தனக்கு இணையான துண்டுகளைத் தானே பொறுக்கி வரிசையில் நிறுத்தும் அச்சாகிறது.

இவ்வச்சைக் கொண்டு பணி செய்தவர் நம் நாட்டில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா. சிறு டி.என்.ஏ. துண்டுகளை அவர் செயற்கையாக ஆக்கினார். எதிரிழைத் துண்டொன்று இரு துண்டுகளை முனையோடு முனை பொருந்தப் பிடித்து நிற்க, லைகேஸ் என்னும் நொதி அவற்றை ஒட்டியது. 77 இணைகள் கொண்ட ஈஸ்ட் ஜீன் ஒன்று இவ்வாறே 1970-இல் முழுமையாக உருவாயிற்று. 2001-இல் ஹார்வர்டில் டேவிட் லியூ குழுவினர், வேறு பொருள்களை இழைத்துண்டுகளின் நுனியில் பிணைத்தனர். துண்டுகள் அச்சில் அமர்ந்ததும் அப்பொருள்கள் அண்டையாகிக் கூடின. கரைசல் மிக நீர்த்திருந்தமையால், அச்சில் அமராதவை ஒன்றையொன்று சந்திப்பது அரிதாயிற்று.

குரானா 1922-இல் பிறந்த ராய்ப்பூர், இன்று பாகிஸ்தானிலுள்ளது. அன்று சுமார் நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். எழுத்தறிந்த குடும்பம் அவருடையது ஒன்றே எனலாம். முதற்கல்வி மரத்தடியில். 1949-இல் தாயகம் திரும்பியவருக்கு இங்கே தக்க வேலை கிட்டவில்லை. மீண்டும் கடல் கடந்தார். 1968-இல் நோபெல் பரிசு பெற்றபோது அவர் அமெரிக்கப் பிரஜை!

நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. அதனை உரிய இடத்தின் அருகே நிறுத்தும் அச்சுக்கே பஞ்சம். உப்பளத் தொழிலாளியின் குழந்தையிடமும் அவ்வறிவு இருக்கலாம். அக்குழந்தையின் அண்டையில் ஒரு சோதனைக்கூடம் வேண்டாமா? உள்ள கூடங்களும் பல ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் சாவி ஆசிரியர்களாகிய நம்மிடந்தானே இருக்கிறது!