மறுபதிப்பு: கருவிக்கா, இசைக்கா?



சமீபத்தில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க்கடையில் நின்றிருந்தோம். இசையார்வம் மிக்க நண்பர் ஒருவர், 'பழைய மூக் சிந்தசைசரை அதே வடிவில் மீண்டும் செய்கிறார்கள். ஒரு மரபு மீட்கப்பட்டுவிட்டது' என்று பரவசத்தோடு சொன்னார். எனக்கு அந்த 'மரபு' என்ற சொல்லோடுதான் சண்டை.

முதலில் கருவியைப் பார்ப்போம். ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கத் தொடங்கிய அந்தச் சிந்தசைசர் தனித்தனிக் கூறுகளின் தொகுதி. ஒன்று அலையை எழுப்பும். ஒன்று அதை வடிகட்டும். ஒன்று ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும். மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். இவற்றைக் கம்பிகளால் எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் ஒலி பிறக்கிறது. கம்பியைப் பிடுங்கினால் அந்த ஒலி போயிற்று. கருவிக்கு நினைவு கிடையாது. நினைவு முழுவதும் வாசித்தவரின் ஒலிநாடாவிலும் குறிப்பேட்டிலும்தான்.

2015இல் மூக் நிறுவனம் தன் சிஸ்டம் 55ஐ மறுபடி செய்தது. மொத்தம் 55 பிரதிகள். ஒன்றின் விலை 35,000 டாலர். 2020ஐ ஒட்டிப் பெரிங்கர் நிறுவனம் அதே கூறுகளை நகலெடுத்து மலிவாகத் தரத் தொடங்கியது. ரசிகர்களில் பலர் முன்னதை மரபென்றும் பின்னதைத் திருட்டென்றும் பேசுகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மலிவு நகலையே எடுப்பேன். அது ஏதோவொரு மாணவன் கைக்குப் போய்ச் சேரும். எண்ணிட்ட பிரதி பெரும்பாலும் வரவேற்பறைக்குப் போகும். ஆனால் இரண்டுமே மரபு அல்ல. இரண்டும் வெற்றுப் பெட்டிகள்.

மரபு மீட்பு என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1969இல் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கலையகம் ஓய்ந்தது. நாடாக்கள் காப்பகத்தில் உறங்கின. பல பத்தாண்டுகளுக்குப் பின் பால் பர்கஸ் என்ற இசைக்கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் அவை தொகுப்பாக வெளிவந்தன. பழைய மூக்கின் ஆயிரம் பிரதிகளைச் செய்து குவித்திருந்தாலும் அந்த ஐவரில் ஒருவருடைய இசையும் நமக்குக் கிடைத்திருக்காது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஓலையையும் எழுத்தாணியையும் அவர் மறுபடி செய்யவில்லை. ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, பாடத்தை நிறுவினார். பதிப்பு என்பது அந்த உழைப்பு.

எங்கள் கொடுங்கையூரில், குப்பைமேட்டின் புகை எட்டும் தெரு ஒன்றில், மெல்லிசைக் குழுவில் வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். எண்பதுகளில் வாங்கிய, நினைவகம் இல்லாத சிறிய சிந்தசைசர் அவருடையது. ஒவ்வொரு பாட்டுக்கும் நோட்டில் கடிகாரம்போல வட்டங்கள் வரைந்து, எந்தக் குமிழ் எங்கே நிற்கவேண்டும் என்று முள் போட்டு வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அந்த நோட்டுகளைப் பற்றி விசாரித்தேன். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். கருவி மட்டும் பரணில் பத்திரமாக இருக்கிறது. 'இப்போ இதுக்கு நல்ல விலை சார்' என்றார் மகன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெட்டிக்கு விலை உண்டு, நோட்டுக்கு இல்லை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பரவசக் கூட்டம்தான்.

கருவி இருந்தால்தானே புதிய இசை பிறக்கும் என்று கேட்கலாம். பிறக்கட்டும், வரவேற்கிறேன். அதைப் புதிய இசை என்றே அழையுங்கள். மரபு என்று பேசவேண்டுமானால், உங்கள் ஊர்க் குழுக்களின் கேசட்டுகளையும் நோட்டுகளையும் எடைக்கல் ஏறுமுன் தேடிப்பிடித்துப் பிரதியெடுங்கள். அதற்கு 35,000 டாலர் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.