ஜிப்சியைத் தூக்குவதற்கு முன்னால்...

சென்ற இரண்டு பதிவுகளும் செமஸ்டர் புலம்பலாகவே போய்விட்டதால் இந்த முறை வண்டியைப் பற்றி. வண்டியில் ஆர்வம் இல்லாதவர்களும் பாதி வரை படிக்கலாம். அதற்கு மேல் கொட்டாவி வந்தால் நான் பொறுப்பல்ல :-)

விஷயம் இதுதான். பழைய மாருதி ஜிப்சி ஒன்றை வாங்கி மாடிஃபை செய்ய வேண்டும் என்பது நம் செட்டில் பாதிப் பேருக்கு இருக்கும் ஆசை. ராணுவம் ஏலத்தில் கழித்த வண்டியோ, எஸ்டேட்காரர் யாரோ விற்ற வண்டியோ, கைக்கு வந்த அடுத்த நாளே கேட்கும் கேள்வி: "எத்தனை இன்ச் தூக்கலாம்?" அடுத்த கேள்வி: "எவ்வளவு பெரிய டயர் போகும்?"

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காடுமேட்டில் வண்டி நன்றாகப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், உயரம் ஏற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. நம்மில் பலருக்கு அது செய்யவே தேவையில்லாத வேலை. ஏன் என்று கேட்பவர்களுக்காக மீதிப் பதிவு.

கொஞ்சம் வரலாறு. 1985 கடைசியில் வந்த முதல் ஜிப்சி, எம்.ஜி.410, 970 சி.சி. எஞ்சினும் நான்கு கியரும் கொண்டது. 1993-இல் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 90 மி.மீ. கூட்டினார்கள். 1996-இல் 1300 சி.சி. 'கிங்' வந்தது. 2000-இல் அதற்கு 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ. எல்லாம் சேர்ந்து 80 குதிரைத்திறன் ஆனது. 2019-ஓடு பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. இத்தனை வருடத்திலும் அடிப்படை மாறவில்லை. ஏணி மாதிரி சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு மூலையிலும் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், தனியாக ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், அதில் ஹை, லோ. எடை ஒரு டன்னை ஒட்டி. இந்த லேசான எடைதான் ஜிப்சியின் பெரிய பலம். மற்ற வண்டிகள் புதைகிற சேற்றில் இது மிதந்து போகும்.

இப்போது தூக்குகிற விஷயத்துக்கு வருவோம். நிறைய பேர் கவனிக்காத ஒன்று: ஸ்பிரிங்கை உயர்த்தினாலோ, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கட்டை வைத்தாலோ, ஆக்ஸில் ஒரு மி.மீ. கூட உயராது. வண்டியின் அடியில் ஆகத் தாழ்வாகத் தொங்குவது டிஃபரன்ஷியல் குண்டு. பாறையில் முதலில் இடிப்பது அதுதான். அது சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது. எனவே அதை உயர்த்த ஒரே வழி, டயரின் விட்டத்தைக் கூட்டுவது.

கணக்குப் போடுவோம். கிங்குக்குக் கம்பெனி கொடுத்த டயர் 205/70 ஆர்15. விட்டம் சுமார் 668 மி.மீ. அதற்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் 703 மி.மீ. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் தரை இடைவெளியில் கூடும், அதாவது 18 மி.மீ. 235/75 போட்டால் 33 மி.மீ. அப்படியானால் மூன்று இன்ச் லிஃப்ட் எதற்கு? பெரிய டயர் பாடியில் உரசாமல் இருக்க இடம் தரும். மேடு ஏறும்போது முன் பம்பரும், மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும். இவையும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

முதல் விலை, கவிழ்வது. 1993-க்குப் பிறகு வந்த ஜிப்சியில் சக்கர அகலம் 1300 மி.மீ. வண்டியின் ஈர்ப்பு மையம் 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்தால் கவிழும். அந்த மையத்தை 100 மி.மீ. உயர்த்தினால் 41 டிகிரியிலேயே கவிழும். நாலு டிகிரிதானே என்று தோன்றும். பள்ளத்தின் ஓரம் ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது அந்த நாலு டிகிரியில்தான் உயிர் இருக்கிறது. ஜிப்சியின் கூடப்பிறந்த சுசூகி சாமுராயை, வளைவில் கவிழும் அபாயம் இருக்கிறது என்று சொல்லி 1988-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 'ஏற்கத்தக்கதல்ல' என்று மதிப்பிட்டது. சோதனையே சரியில்லை என்று சுசூகி 1996-இல் வழக்குப் போட்டு, 2004-இல் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு கதை. குறுகலான, உயரமான வண்டி என்பதால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது. அதை இன்னும் உயரமாக்கத்தான் நாம் காசு சேர்க்கிறோம்.

இரண்டாவது விலை, பிரேக்கும் கியரும். 31 இன்ச் டயர் கம்பெனி டயரைவிட விட்டத்தில் 18 சதவீதம் பெரிது. அதாவது எல்லா கியரும் 18 சதவீதம் வேகத்துக்குச் சாய்ந்துவிடும். லோவில் போட்டு ஊர்ந்து இறங்க வேண்டிய இடத்தில் வண்டி உங்களை இழுத்துக்கொண்டு போகும். பிரேக்குக்கும் அதே கதை. டிரம்மும் டிஸ்க்கும் பழையதே, சக்கரம் மட்டும் பெரியது, கனமானது. 80 குதிரை எஞ்சின் மேட்டில் திணறும், கிளட்ச் வாசம் வரும். டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னும் தாழ்ந்த கியர் போட்டு இதைச் சரிசெய்யலாம். ஆனால் டயருக்கே மொத்தக் காசையும் கொடுத்தவர்களிடம் அதற்கு மீதி இருப்பதில்லை.

மூன்றாவது, ஸ்டியரிங். நீளமான ஷேக்கிள் மாட்டி மலிவாக முன்பக்கத்தைத் தூக்குபவர்கள் உண்டு. அதில் காஸ்டர் கோணம் மாறிவிடும். கிங்பின் பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், 60, 70 வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் கை நடுங்குகிற மாதிரி ஆடத் தொடங்கும். காட்டுக்குப் போகிற வண்டி, காட்டுக்குப் போக நெடுஞ்சாலையில்தான் ஓட வேண்டும். அங்கே பக்கத்தில் பஸ் வரும், டூவீலரில் குழந்தையோடு யாராவது வருவார்கள். என் காசு, என் வண்டி என்ற வாதம் அந்த இடத்தில் செல்லாது.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? என் வரிசை இது.

முதலில், பழைய வண்டியைப் புதுசாக்குங்கள். எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணனிடம் யார் போய் லிஃப்ட் கேட்டாலும் வருகிற பதில்: "தம்பி, மொதல்ல ஓடற வண்டியாக்கலாமுங்க. ஏத்தறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க." இருபது முப்பது வருட ஜிப்சியில் ஸ்பிரிங் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். புஷ் எல்லாம் பிய்ந்திருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றி, சுத்தம் செய்து, புஷ் மாற்றி, நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலே உட்கார்ந்துபோன வண்டி கொஞ்சம் எழுந்து நிற்கும். சக்கரமும் மேலும் கீழும் தாராளமாக அசையும். கிங்பின் பேரிங், யுனிவர்சல் ஜாயின்ட், பிரேக் ஹோஸ், சேஸிஸில் துரு பிடித்த இடம், எல்லாவற்றையும் இதே கையோடு பார்த்துவிட வேண்டும். இதில் படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது என்பதுதான் இந்த வேலையின் ஒரே குறை.

இரண்டாவது, டயரின் தரமும் காற்றும். அளவை ஒரு படிக்கு மேல் கூட்டாமல், நல்ல ஆல் டெரெய்ன் டயர் போதும். அப்புறம் காற்று. ரோட்டில் 24, 26 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிற டயரை மணலிலும் சேற்றிலும் 16, 18-க்கு இறக்கினால், டயர் நீளவாக்கில் தரையில் படர்ந்து பிடிக்கும். கல்லின் மேல் வழுக்காமல் அதைக் கவ்வும். செலவு, ஒரு பிரஷர் கேஜும் காற்றடிக்க ஒரு சின்ன பம்பும். ரொம்பக் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்ப ரோட்டுக்கு வரும் முன் மறக்காமல் காற்று அடிக்க வேண்டும்.

மூன்றாவது, இழுக்கக் கொக்கி. முன்னும் பின்னும் சேஸிஸோடு சேர்த்துச் சரியான போல்ட்டில் மாட்டிய கொக்கி கட்டாயம். பம்பரில் வெல்டிங் வைத்த வளையத்தையோ, டிரெய்லர் மாட்டும் உருண்டையையோ நம்பி இழுக்கக் கூடாது. இழுவையில் அது பிய்ந்தால் குண்டு மாதிரி பறக்கும். ஆள் செத்திருக்கிறார்கள். இழுக்கும்போது கயிற்றுக்கு நேராக யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் இதே பாடம்தான்.

நான்காவது, ஆக்ஸில் பிரீதர். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கொஞ்ச நாளில் கியர் ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்துவிடும். பிரீதரில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி உயரமான இடத்தில் கொண்டுபோய் வைத்தால் வேலை முடிந்தது. பல ஆயிரம் கொடுத்து ஸ்நார்கெல் வைத்தவர்கள் பலர், இந்தச் சின்ன டியூபை விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தாவது, லாக்கர். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால், அதைச் சுற்ற எவ்வளவு விசை போதுமோ அவ்வளவுதான் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நகராது. முன்னால் ஒன்று, பின்னால் குறுக்கே ஒன்று என்று இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பின் ஆக்ஸிலில் ஒரு லாக்கர் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். லிஃப்ட்டுக்கும் பெரிய டயருக்கும் ஆகிற காசை இதில் போட்டால் வித்தியாசம் எங்கேயோ போய்விடும்.

சென்ற வருடம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பை ஒட்டிய ஓடையில் இதை நேரிலேயே பார்த்தேன். ஒரு ஜிப்சி, கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்துத் தூக்கியது, 31 இன்ச் டயர். ஸ்பிரிங் விறைப்பாக இருந்ததால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. குறுக்கே இரண்டு சக்கரம் அந்தரத்தில் சுற்ற, வண்டி அங்கேயே நின்றது. பின்னால் வந்தது உயரம் ஏற்றாத பழைய எம்.ஜி.410. காற்றை இறக்கிவிட்டு, லோ ஃபர்ஸ்டில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஊர்ந்து ஏறிவிட்டது. அந்த அண்ணன் ஓட்டியதிலும் விஷயம் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கற்கள் பெயர்ந்து கிடக்கும் அந்தப் பாதையில் பெரும்பாலும் பழைய மகிந்திரா வண்டிகள்தான் தினமும் ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று அந்த டிரைவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம், சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் இதை உறுதிசெய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். வண்டி மோதிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்க்கப்போவதும் இதைத்தான். நான் மேலே சொன்ன வரிசையில் முதல் நான்கும் பெரும்பாலும் பராமரிப்பு வேலை. டயரை மட்டும் எந்த அளவு வரை போடலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பாறை ஏறும் போட்டிக்கென்றே வண்டி கட்டுபவர்கள், ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மேலே மாற்றி, கியர், பிரேக், ஷாஃப்ட் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள். அந்த வண்டியை லாரியில் ஏற்றித்தான் போட்டிக்குக் கொண்டுபோவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. காலேஜுக்கும், மார்க்கெட்டுக்கும், வருடத்துக்கு நாலு தடவை மலைக்கும் போகப்போகிற ஒரே வண்டியை அவர்களைப் பார்த்துத் தூக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஜிப்சி இனி புதிதாக வரப்போவதில்லை. இருக்கிற நல்ல சேஸிஸை வெட்டி ஒட்டிக் கெடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

ஆகவே மக்களே, கையில் காசு வந்ததும் முதலில் ஸ்பிரிங் புஷ், பிறகு டயர், பிறகு கொக்கி. அதோடு ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு இடத்தில் வயிறு இடிக்கிறது என்றால், அப்போது எத்தனை இன்ச் என்று பேசலாம்.

டிஸ்கி: மகிந்திரா ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். லீஃப் ஸ்பிரிங் போட்ட பழைய ஜீப்புக்கும் இதே வரிசைதான். அளவுகள் மட்டும் மாறும் :-)