குளிருக்கு ஏற்ற எண்ணெய்

மார்கழி மாதத்துக் காலை வேளையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொண்டு தவம் கிடக்காத குடும்பஸ்தர் நம்மில் யார்? 24 டிகிரிக்கே அந்த எண்ணெய் இவ்வளவு சண்டித்தனம் செய்கிறதென்றால், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் மோட்டார் எஞ்சினுக்குள் கிடக்கும் எண்ணெய் என்ன பாடு படும்?

லடாக்கில் இது தினசரி அனுபவம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்து இரவுகளில் அங்கே குளிர் அந்த அளவுக்கு இறங்குவதுண்டு. திராஸ் என்னும் ஊரில் அதற்கும் கீழே போகும். சமவெளியில் சிங்கம்போல் கர்ஜித்த வண்டி, அங்கே காலையில் சாவியைத் திருப்பினால் முனகுகிறது. வண்டிக்காரர் பாட்டரியைத் திட்டுகிறார். குளிரில் பாட்டரியின் பலம் குறைவது வாஸ்தவந்தான். ஆனால் பாகாய் இறுகிய எண்ணெயில் எஞ்சினைச் சுழற்றச் சொன்னால், அது பாவம், என்ன செய்யும்?

1941-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாஸ்கோ நகருக்கு வெளியே ஜெர்மன் படையினர் டாங்கிகளின் அடியில் நெருப்பு மூட்டித்தான் எஞ்சின்களைக் கிளப்ப வேண்டியிருந்தது.

"கெட்டியான எண்ணெய்தான் எஞ்சினுக்குப் புஷ்டி" என்று நம்மவர்களில் பலருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. குளிர்ப் பிரதேசத்தில் இது விபரீதமாக முடியும். எஞ்சின் கிளம்பியதும் அடியில் தேங்கியுள்ள எண்ணெயைப் பம்பு மேலே ஏற்ற வேண்டும். எண்ணெய் கெட்டியாயிருந்தால் அதற்குத் தாமதமாகும். அதுவரையில் இரும்பும் இரும்பும் வறட்டு உராய்வாக உராய்ந்து தேய்கின்றன. சப்தம் சிறிது கேட்கும். சேதம் பிற்பாடுதான் தெரியும்.

ஆகவே டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்றெல்லாம் இருக்கும். 'டபிள்யூ' என்பதை எடை என்று பொருள் கொள்வோர் அநேகர். அது 'விண்டர்', அதாவது குளிர்காலம். அதன் முன்னுள்ள எண் சிறுத்தால் எண்ணெய் குளிரில் அதிகம் இளகி ஓடும். 15டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும், 5டபிள்யூ எண்ணெயை 30 டிகிரியிலும், 0டபிள்யூ எண்ணெயை 35 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். லேயில் 15டபிள்யூ எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது. 5டபிள்யூவுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய பிறகு, 100 டிகிரியில், எண்ணெய்க்கு உள்ள கனத்தைக் குறிப்பது. குளிருக்குப் பயந்து அதை மனம் போனபடி குறைத்துவிடக் கூடாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்தெந்தக் குளிருக்கு எந்த எண்ணெய் என்று அட்டவணை இருக்கும். கடைக்காரரின் யோசனையைவிட அதற்கே மதிப்புக் கொடுங்கள்.

எண்ணெய் மாற்றுவதானால் மலையேறுமுன்பே, எஞ்சின் சூடாயிருக்கும்போது, பழையதை வடித்துவிடுவது நலம். லேயில் போய் அதிகாலையில் திருகைக் கழற்றினால், மறுபடியும் தேங்காயெண்ணெய்ப் புட்டியின் கதைதான்!